வரிசையில் நிற்க முடியாத குழந்தை

ஆட்டிசம் என்றதும், காதைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒடுங்கும் குழந்தைதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அப்படிப்பட்ட பிள்ளையை ராட்டினமும் ஒலிபெருக்கியும் ஆயிரக்கணக்கான ஜனமும் நிறைந்த கேளிக்கைப் பூங்காவுக்கு எதற்காகக் கூட்டிப்போக வேண்டும், வீட்டிலேயே நிம்மதியாக இருக்கட்டுமே என்று நல்ல மனது உள்ளவர்களே சொல்வதுண்டு. அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்த யோசனை தவறு. ஏன் தவறு என்பதற்கு டெம்பிள் கிராண்டினின் வாழ்க்கை நல்ல சாட்சி.

1947-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தவர் கிராண்டின். ஆட்டிசம் உள்ளவர், கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் விலங்கறிவியல் பேராசிரியர். ஆட்டிசம் உள்ள ஒருவர் தன் உள்ளுலகைத் தானே எழுதிக்காட்டிய முன்னோடி நூல்களில் ஒன்று, 1986-ல் வெளிவந்த அவருடைய தன்வரலாறு. சின்ன வயதில் யாராவது கட்டியணைத்தால் அவரால் தாங்க முடியாது. உடம்பு விறைத்து விலகிவிடுவார். அப்படிப்பட்டவர் பள்ளிப் பருவத்தில் கேளிக்கைப் பூங்கா ஒன்றில் ‘ரோட்டர்’ என்ற விளையாட்டில் ஏறினார். வட்டமான பெரிய கூண்டு. சுவரோடு முதுகை ஒட்டி நிற்க வேண்டும். கூண்டு சுழலும் வேகத்தில் உடம்பு சுவரில் அப்பிக்கொள்ளும். பிறகு காலடித் தரை கீழே இறங்கிவிடும். முதலில் நடுங்கிப்போன அந்தப் பெண், அழுத்தம் உடம்பெங்கும் பரவியதும் அமைதியானார். மனிதர்களின் அணைப்பில் கிடைக்காத நிம்மதி அந்தச் சுழற்சியில் கிடைத்தது. பின்னாளில் அரிசோனாவில் அத்தையின் பண்ணையில், மாடுகளை இருபுறமும் அழுத்திப் பிடித்துத் தடுப்பூசி போடும் கூண்டைப் பார்த்து, தனக்கென்று ஓர் அழுத்தப் பெட்டியை அவரே செய்துகொண்டார்.

பூங்காவின் வேகமும் சுழற்சியும் ஆட்டிசம் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பகை என்று நினைப்பது எவ்வளவு பிழை என்பதற்கு இந்த ஒரு சம்பவம் போதும். கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று ஐந்து புலன்களைத்தான் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று உள்காது சொல்வதும், கைகால் எங்கே இருக்கிறது என்று தசைகளும் மூட்டுகளும் சொல்வதும், பசியையும் தாகத்தையும் வயிறும் தொண்டையும் சொல்வதும் புலனறிவுதான். ஆட்டிசம் உள்ள ஒருவருக்கு இவற்றில் சில மிகையாகவும் சில குறைவாகவும் வந்து சேரலாம். ஊஞ்சலில் அரைமணி நேரம் சளைக்காமல் ஆடும் அதே பிள்ளை, பலூன் வெடித்தால் ஒரு மணி நேரம் அழலாம். இதில் முரண்பாடு ஏதும் இல்லை.

மருத்துவ உலகம் இதை முறைப்படி ஏற்க நீண்ட காலம் ஆயிற்று. லியோ கானர் 1943-ல் எழுதிய முதல் கட்டுரையிலேயே பெருஞ்சத்தத்துக்கு அஞ்சும் குழந்தைகள் வருகிறார்கள். ஆனால் புலன்களின் இந்த ஏற்ற இறக்கம் ஆட்டிசத்தை அறியும் அளவுகோல்களில் ஒன்றாகச் சேர்ந்தது, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு ஐந்தாம் பதிப்பு கண்ட 2013-ல்தான். இடையில் 70 ஆண்டுகள். அத்தனை காலமும் கூட்டத்தில் உடைந்து அழுத பிள்ளைகளுக்கு ‘அடம்பிடிக்கிற பிள்ளை’ என்ற பெயர்தான் கிடைத்தது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2025-ல் வெளியிட்ட கணக்கின்படி, அங்கே கண்காணிக்கப்பட்ட பகுதிகளில் எட்டு வயதுக் குழந்தைகளில் 31 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர். ஏதோ அபூர்வமான ஒரு சிலருக்காகச் செய்யும் சலுகை என்று எந்தப் பூங்கா நிர்வாகமும் இதை ஒதுக்கிவிட முடியாது.

பூங்காவில் பிள்ளையைத் தடுமாற வைப்பது எது என்று கேட்டால், பலரும் உயரமான ரோலர்கோஸ்டரைக் காட்டுவார்கள். பெற்றோர் கழிப்பறையைக் காட்டுவார்கள். கை கழுவியதும் ஈரத்தை உலர்த்தச் சுவரில் மாட்டியிருக்கும் காற்றெந்திரம் அங்கே இருக்கிறது. பெரியவர்களுக்கு அது இடுப்பு உயரம். குழந்தைக்குக் காது உயரம். கனடாவின் கால்கரி நகரத்துச் சிறுமி ஒருத்திக்கு, பிள்ளைகள் இந்த எந்திரத்துக்குப் பயந்து காதைப் பொத்துவது ஏன் என்று சந்தேகம் வந்தது. ஆல்பர்ட்டா மாகாணத்துப் பொதுக் கழிப்பறைகளில் 44 எந்திரங்களின் சத்தத்தை, குழந்தையின் காது எந்த உயரத்தில், எவ்வளவு தள்ளி இருக்குமோ அந்த இடங்களில் வைத்து அளந்தாள். சில 100 டெசிபலைத் தாண்டின. விளையாட்டுப் பொருள்களுக்குக் கனடா அரசு விதித்திருக்கும் உச்சவரம்பே 100 டெசிபல்தான். 2019-ல் குழந்தை மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வெளியானபோது அவளுக்கு வயது 13. எந்தப் பூங்காவின் விளையாட்டுப் பட்டியலிலும் இடம்பெறாத அந்தச் சுவர்ப்பெட்டி, ஒரு குடும்பத்தின் முழுநாளையும் காலை பத்து மணிக்கே முடித்துவைக்க வல்லது. ஒரு கழிப்பறையில் அதை நிறுத்திவிட்டுக் காகிதத் துண்டு வைத்தால் ஆகும் செலவு என்ன?

அடுத்தது வரிசை. இதுதான் பெரிய மலை.

கம்பித் தடுப்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் வரிசை. முன்னால் ஒருவர் முதுகு, பின்னால் ஒருவர் முழங்கை. வியர்வை, வாசனைத் திரவியம், பொரித்த எண்ணெய் எல்லாம் கலந்த வாடை. நாற்பது நிமிடம் என்கிறது பலகை. அந்தக் குழந்தைக்கு அது வெறும் எண்; எங்கே முடியும் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. இருபதாவது நிமிடத்தில், சிறு கோளாறு, விளையாட்டு தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது என்று ஒலிபெருக்கி அலறுகிறது. அந்த நொடியில் பிள்ளை தரையில் விழுந்து கத்தினால், அதைப் பிடிவாதம் என்று எண்ணுவது அநியாயம். அடம்பிடிக்கிற குழந்தை கேட்டது கிடைத்ததும் நிறுத்திவிடும். யார் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்க்கவும் செய்யும். புலன்களின் பாரம் தாங்காமல் உடைந்த குழந்தைக்குக் கேட்டதைக் கொடுத்தாலும் நிறுத்த முடியாது. இன்னும் சில பிள்ளைகள் கத்தவும் மாட்டார்கள். பேச்சற்று, அசைவற்று உறைந்துபோவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு இது தெரியாததால், ‘புள்ளைய வளர்க்கத் தெரியல’ என்ற வார்த்தை எங்கிருந்தாவது வந்து தாயின் காதில் விழுகிறது. பல குடும்பங்கள் பூங்காவுக்குப் போவதை நிறுத்தியதற்குக் காரணம் அந்த வார்த்தையும் அந்தப் பார்வையும்தான். அப்படி நிறுத்தும்போது, ஆட்டிசம் இல்லாத அண்ணனும் தங்கையும் சேர்ந்தே வீட்டில் அடைபட்டுப் போகிறார்கள்.

இந்தத் துன்பத்தின் பெரும்பகுதி, அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததால் வருவது. இதைத்தான் பென்சில்வேனியாவின் லாங்ஹார்ன் ஊரில் உள்ள செஸமி பிளேஸ் பூங்கா சரியாகப் பிடித்தது. குழந்தைகளுக்கான ‘செஸமி ஸ்ட்ரீட்’ தொலைக்காட்சித் தொடரின் பாத்திரங்களை வைத்து 1980-ல் திறந்த பூங்கா அது. 2018 ஏப்ரலில், உலகிலேயே முதன்முதலாக ‘சான்று பெற்ற ஆட்டிசம் மையம்’ என்ற தகுதியைப் பெற்ற கேளிக்கைப் பூங்காவாகவும் ஆனது. பணியாளர்களுக்கு ஆட்டிசம் பற்றிய பயிற்சி, சத்தம் குறைக்கும் காதுக்கவசம், அமைதி அறை, ஊர்வலத்தைக் கூட்ட நெரிசல் இல்லாமல் பார்க்கத் தனி இடம் என்று பல ஏற்பாடுகள் வந்தன. அவற்றுள் மிகவும் எளியதும் மிகவும் பயனுள்ளதும் ஒரு காகிதம். ஒவ்வொரு விளையாட்டுக்கும் தொடுதல், சுவை, ஒலி, மணம், ஒளி என்ற ஐந்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, நுழைவாயிலிலும் இணையத்திலும் வைத்தார்கள். சத்தம் தாங்காத பிள்ளையின் தாய் ஒலி மதிப்பெண்ணைப் பார்ப்பார். தண்ணீர் மேலே தெறித்தால் தாங்காத பிள்ளையின் தாய் தொடுதல் மதிப்பெண்ணைப் பார்ப்பார். எது முடியும், எது வேண்டாம் என்பதைப் பூங்கா முடிவு செய்வதில்லை. குடும்பம் முடிவு செய்கிறது.

அந்தத் தொடரில் ஜூலியா என்ற பாத்திரமும் உண்டு. செம்மஞ்சள் முடி, கையில் ஒரு முயல் பொம்மை. ஆட்டிசம் உள்ள நாலு வயதுச் சிறுமி. 2017 ஏப்ரலில் தொலைக்காட்சியில் முதன்முதலாக வந்தபோது, பெரிய பறவைப் பாத்திரமான பிக் பேர்டு வணக்கம் சொல்கிறது; ஜூலியா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தன்னைப் பிடிக்கவில்லை போலும் என்று பறவை வருந்த, ஜூலியா எதையும் ஜூலியாவின் வழியில் செய்வாள் என்று நண்பர்கள் எடுத்துச் சொல்கிறார்கள். ஜூலியாவை இயக்கிய பொம்மலாட்டக் கலைஞர் ஸ்டேசி கார்டனின் மகனும் ஆட்டிசம் உள்ளவர். ஒரு பூங்காவின் பணியாளருக்குப் பல மணி நேரப் பயிற்சியில் சொல்லித் தருவதை, அந்தச் சில நிமிடக் காட்சி நாலு வயதுக் குழந்தைக்குப் புரியவைத்துவிடுகிறது.

செஸமி பிளேஸைப் பார்த்து மற்றவர்களும் சான்று வாங்கத் தொடங்கினார்கள். புளோரிடாவின் பெப்பா பிக் பூங்கா 2022-ல் திறக்கும்போதே சான்றோடு திறந்தது. அபுதாபியில் ஃபெராரி வேர்ல்டும் வாங்கியது. இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. கேளிக்கைப் பூங்காக்களில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் சீசனுக்கு வந்து போகும் இளைஞர்கள். சென்ற ஆண்டு பயிற்சி பெற்றவர் இந்த ஆண்டு அங்கே இருக்கமாட்டார். சுவரில் மாட்டிய சான்றிதழ் அப்படியே இருக்கும். எனவே ஒரு பூங்காவை எடைபோடச் சான்றிதழை மட்டும் பார்த்தால் போதாது. டிக்கெட் கிழிக்கும் பையனிடம் அமைதி அறை எங்கே என்று கேட்க வேண்டும். அவனுக்குத் தெரிந்தால் அந்தப் பூங்கா தயாராக இருக்கிறது என்று பொருள். சான்றுக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை: டென்னசி மாநிலத்தில் பாடகி டாலி பார்ட்டனின் டாலிவுட் பூங்கா, இந்தச் சான்றிதழ் அலைக்கு முன்பே, 2016-ல், கனமான போர்வையும் சின்னக் கூடாரமும் வைத்து ஓர் அமைதி அறையைத் திறந்துவிட்டது.

வரிசைக்கு வருவோம். வரிசையில் நிற்க முடியாதவரை என்ன செய்வது என்ற கேள்வியில் உலகின் பெரிய பூங்கா நிறுவனமே பலமுறை இடறியிருக்கிறது. டிஸ்னி பூங்காக்களில் 2013 வரை ஓர் உதவி அட்டை இருந்தது. அதைக் காட்டினால் பெரும்பாலும் காத்திருக்காமலே ஏறிவிடலாம். அந்த ஆண்டு மே மாதம், நியூயார்க்கின் வசதி படைத்த சில குடும்பங்கள் மாற்றுத்திறனாளி ஒருவரை வாடகைக்கு அமர்த்தி, அவரோடு சேர்ந்து வரிசையைத் தாண்டுகிறார்கள் என்று நியூயார்க் போஸ்ட் எழுதியது. நாடே கொதித்தது. பின்னர் நீதிமன்றத்தில் பேசப்பட்ட ஒரு கணக்கு இன்னும் விளக்கமானது: அட்டை வைத்திருந்தவர்கள் வருகையாளர்களில் 3.3 சதவீதம், ‘டாய் ஸ்டோரி’ விளையாட்டில் ஏறியவர்களிலோ 30 சதவீதம் அவர்கள். அட்டை இல்லாதவர்களின் காத்திருப்பு அந்த அளவுக்கு நீண்டது.

2013 அக்டோபரில் புதிய முறை வந்தது. அதன்படி, வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் வரிசை எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் கழித்து வரச் சொல்லி நேரம் குறித்துத் தருவார்கள். அதுவரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பல குடும்பங்களுக்கு அது உதவவும் செய்தது. ஆனால் ஏ.எல். என்று நீதிமன்ற ஆவணங்கள் குறிப்பிடும் ஓர் இளைஞருக்கு அது உதவவில்லை. அவர் பூங்காவைச் சுற்றும் வழி மாறாதது. முதலில் இது, அடுத்து அது, அந்த ஒழுங்கில்தான் போவார். ஒரு மணி நேரம் கழித்து வா என்றால், இடையில் வேறொன்றில் ஏறிப் பொழுதைக் கழிக்க அவரால் முடியாது, ஒழுங்கு குலைந்துவிடும். 2014-ல் அவர் தரப்பு வழக்குத் தொடுத்தது. 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இதை முழுமையாக விசாரிக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. 2020-ல் டிஸ்னிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அவர் கேட்ட அளவு சலுகை கொடுத்தால் பூங்கா நடக்கும் விதமே மாறிப்போகும் என்பது நீதிமன்றத்தின் முடிவு.

கதை அத்தோடு முடியவில்லை. ஐந்து ஆண்டுகளில் இந்தச் சேவையைப் பயன்படுத்துவோர் மும்மடங்குக்கு மேல் பெருகிவிட்டார்கள் என்று சொல்லி, 2024-ல் டிஸ்னி விதியை இறுக்கியது. ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாட்டால் நெடுநேரம் வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கே இனி இந்தச் சேவை. பணியாளருடன் காணொளியில் பேசித் தகுதி பெற வேண்டும். பொய் சொன்னது தெரிந்தால் பூங்காவுக்குள் வரவே நிரந்தரத் தடை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு இது பாதுகாப்பு. ஆனால் குடல்நோயால் அடிக்கடி கழிப்பறைக்கு ஓட வேண்டியவரும், நின்றால் மயங்கி விழுகிறவரும் வெளியே தள்ளப்பட்டார்கள். அவர்களில் சிலர் நீதிமன்றம் போயிருக்கிறார்கள். கதவை இறுக்கி ஏமாற்றுக்காரரை வெளியேற்றும்போது தேவைப்பட்டவரும் வெளியே நின்றுவிடுகிறார்.

இங்கிலாந்தில் வேறொரு வழியைப் பார்க்கலாம். லண்டன் கேட்விக் விமான நிலையம் 2016-ல் பச்சை நிறக் கழுத்துப்பட்டை ஒன்றைக் கொடுக்கத் தொடங்கியது. அதில் சூரியகாந்திப் பூக்கள் அச்சிட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத குறைபாடு ஒன்று தனக்கு இருக்கிறது, கொஞ்சம் பொறுமையும் உதவியும் வேண்டும் என்று அதை அணிந்தவர் சொல்லாமல் சொல்கிறார். சான்று எதுவும் கேட்பதில்லை. கேட்டவருக்குக் கொடுக்கிறார்கள். பல நாடுகளின் விமான நிலையங்களுக்கும் கடைகளுக்கும் அது பரவிவிட்டது. அந்தப் பட்டை வரிசையைத் தாண்டும் உரிமையைத் தருவதில்லை. அதனால் அதைத் திருடிப் பயன்படுத்த யாருக்கும் ஆசை வருவதில்லை.

டிஸ்னியின் அட்டையையும் கேட்விக்கின் பட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு தெளிவு பிறக்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பூங்காவில் தேவைப்படும் பத்தில் ஒன்பது, பிறர் ஏமாற்றி வாங்க நினைக்காதவை. அமைதி அறைக்குள் போய் அரைமணி நேரம் உட்கார யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். காதுக்கவசம், காகிதத் துண்டு, படத்தோடு கூடிய வழிகாட்டி, சத்தம் குறைத்த ஒரு மணி நேரம் ஆகியவற்றை எந்தச் சான்றும் கேட்காமல் எல்லாருக்கும் திறந்து வைக்கலாம். கைக்குழந்தையோடு வந்த தாயும், தலைவலி பிடித்த தாத்தாவும் பயன்படுத்திக்கொள்ளட்டுமே. சான்று கேட்க வேண்டியது வரிசை என்ற ஒரே இடத்தில்தான். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல நிர்வாகங்கள், துஷ்பிரயோகம் நடக்குமே என்று பயந்து எதையுமே செய்யாமல் விடுகின்றன.

மற்றப் பூங்காக்களில் பெரும்பாலானவை இருப்பதைத் திருத்தின. ஒன்று மட்டும் அடித்தளத்திலிருந்தே இப்படிக் கட்டப்பட்டது. டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் வீடுகட்டும் தொழில் செய்துவந்த கார்டன் ஹார்ட்மன், விடுமுறையில் குடும்பத்தோடு போயிருந்தபோது, அறிவுத்திறன் குறைபாடும் உடல் குறைபாடும் உள்ள மகள் மார்கன் நீச்சல் குளத்தில் மற்றக் குழந்தைகளோடு விளையாடப் போவதைப் பார்த்தார். அந்தக் குழந்தைகள் என்ன செய்வதென்று தெரியாமல் குளத்தை விட்டே ஏறிப் போய்விட்டார்கள். மகளைப் போன்ற பிள்ளைகளுக்கான இடத்தைத் தேடினார்; கிடைக்கவில்லை. தொழிலை விற்றுவிட்டு, மருத்துவர்கள், சிகிச்சையாளர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் எல்லாரையும் கூட்டி வைத்துக் கேட்டு, பழைய கற்சுரங்க நிலத்தில் 25 ஏக்கரில் ‘மார்கன்ஸ் வொண்டர்லாண்ட்’ என்ற பூங்காவை 2010-ல் திறந்தார்.

அங்கே குடைராட்டினத்தில் குதிரைகளுக்கு நடுவே சக்கர நாற்காலியோடு ஏறும் தட்டுகள் இருக்கின்றன. குதிரை மேலும் கீழும் அசையும்போது தட்டும் அசையும். கையில் கட்டும் மின்பட்டையைக் கொண்டு குடும்பத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பூங்காவிலேயே பார்க்கலாம். இது ஆடம்பரமில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் 49 சதவீதத்தினர் நாலு வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது பாதுகாப்பான இடத்தை விட்டுத் தனியே போக முயன்றதாக 2012-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. அவர்களில் பலரைத் தண்ணீர் ஈர்க்கும். எனவே காணாமல் போனால் முதலில் நீர்நிலையைத் தேடுங்கள் என்பது அங்குள்ள ஆட்டிசம் அமைப்புகளின் பாடம். தண்ணீர்ப் பூங்கா நடத்துகிறவர்கள் எல்லாரும் இதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

2017-ல் பக்கத்திலேயே நீர்விளையாட்டுப் பூங்காவும் வந்தது. மின்கலத்தில் ஓடும் சக்கர நாற்காலி தண்ணீரில் நனைந்தால் பழுதாகும் என்பதால், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அழுத்தக்காற்றில் ஓடும் நாற்காலியை உருவாக்கினார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவு இலவசம். ஆண்டுதோறும் 10 லட்சம் டாலருக்கு மேல் நட்டம் வரும் என்று தெரிந்தே திறப்பதாகவும், நன்கொடைகளால்தான் நடப்பதாகவும் ஹார்ட்மன் சொல்லியிருக்கிறார். இந்த ஒரு பூங்காவைக் காட்டி, பார்த்தீர்களா, இதற்கெல்லாம் கோடிக்கணக்கில் வேண்டும் என்று ஒதுங்குபவர்கள் இருக்கிறார்கள். மார்கன்ஸ் வொண்டர்லாண்டைப் போல இன்னொன்றைக் கட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இருக்கும் பூங்காவில் வாசலிலிருந்து கழிப்பறை வரை ஒருமுறை நடந்து பார்க்கச் சொல்கிறோம்.

நம் ஊர்ப் பூங்காக்களில் அப்படி நடந்தால் கண்ணில் படுபவை, அமெரிக்கக் கையேடு எதிலும் தேடினால் கிடைக்காதவை. முதலாவது, வாசலிலேயே பையைத் திறந்து பார்ப்பது. பல பூங்காக்களில் வெளி உணவுக்கு அனுமதி இல்லை. ஆட்டிசம் உள்ள எத்தனையோ பிள்ளைகள் குறிப்பிட்ட ஓரிரு உணவைத்தான் தொடுவார்கள். வீட்டில் அம்மா செய்த தயிர்சாதம், குறிப்பிட்ட ஒரே பிஸ்கட். அந்த டப்பாவை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டால் அந்தப் பிள்ளை மாலை வரை பட்டினி. அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களுக்குள்கூட வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுபோகலாம்.

இரண்டாவது, நீர்விளையாட்டுக்கு நைலான் உடை கட்டாயம் என்ற விதி. பருத்தித் துணியின் நூலிழைகள் வடிகட்டிகளை அடைக்கும் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் உடம்போடு ஒட்டும் துணியைத் தோல் ஏற்காத பிள்ளைக்கு, உடைமாற்றும் அறையிலேயே அன்றைய நாள் முடிந்துவிடும். எந்தத் துணி, எந்த அளவு என்று முன்கூட்டியே சொல்லி, வாங்கி ஒருவாரம் வீட்டில் போட்டுப் பழக வழி செய்தால் பாதிச் சிக்கல் தீரும். கரோல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியர் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய சமூகக்கதை முறை இதற்கென்றே இருக்கிறது. வாசல் இப்படி இருக்கும், இங்கே பையைப் பார்ப்பார்கள், இங்கே உடை மாற்றுவோம், பிறகு தண்ணீர், பிறகு வீடு என்று பூங்காவின் நிழற்படங்களை வரிசையாக வைத்து நாலு பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம். அதைத் தமிழில் எந்தப் பூங்காவும் ஒரே நாளில் செய்துவிடலாம். கைபேசியில் எடுத்த படங்களே போதும்.

மூன்றாவது அலைக்குளத்து ஒலிபெருக்கி. அலை வரும்போது குத்துப்பாட்டு வேண்டும் என்பவர்கள் நிறைய, அவர்கள் மகிழட்டும். வாரத்தில் ஒருநாள் காலை முதல் ஒரு மணி நேரம் மட்டும் பாட்டில்லாத அலை இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. திரையரங்குகளில் இது புதிதும் இல்லை. விளக்கை முழுதாக அணைக்காமல், ஒலியைக் குறைத்து, பிள்ளைகள் எழுந்து நடக்கலாம் என்ற அனுமதியோடு படம் காட்டும் வழக்கத்தை அமெரிக்காவின் ஏஎம்சி நிறுவனம் 2007-லேயே தொடங்கிவிட்டது.

வரிசைக்கான சான்று விஷயத்தில் நமக்கு ஒரு வசதி கூடுதலாகவே உண்டு. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொழுதுபோக்கில் பிறருக்குச் சமமாகக் கலந்துகொள்ளும் உரிமையை அதன் 29-ஆம் பிரிவு பேசுகிறது. யூடிஐடி என்ற தனித்துவ அடையாள அட்டையை அரசே கொடுக்கிறது. டிஸ்னி காணொளி நேர்காணல் வைத்துக் கண்டுபிடிக்கப் பார்ப்பதை, இங்கே ஓர் அட்டை சொல்லிவிடும். வரிசைக்கு மட்டும் அந்த அட்டையைக் கேட்கலாம். அதையும் தனியாக, கூட்டத்தின் முன்னால் விசாரிக்காமல் கேட்கலாம். அப்பா பிள்ளையோடு வெளியே நிற்க அம்மா மற்றக் குழந்தையோடு ஏறி, இறங்கியதும் மறுபடி வரிசையில் நிற்காமல் அப்பா ஏறுகிற மாற்றுமுறை அமெரிக்கப் பூங்காக்களில் சாதாரணம். அதற்கு ஒரு துண்டுச்சீட்டு போதும்.

சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கேளிக்கைப் பூங்காக்கள் வரிசையாக இருக்கின்றன. அதே சாலையில், முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுகள் உள்ளவர்களுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமும் 2005 முதல் இயங்குகிறது. புலன்சார் சிகிச்சை தெரிந்தவர்களும், சிறப்பாசிரியர்களும், நாள்தோறும் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோரும் அங்கே இருக்கிறார்கள். ஆலோசனை கேட்கப் பூங்கா நிர்வாகிகள் வெளிநாடு போக வேண்டியதில்லை. சில கிலோமீட்டர் போனால் போதும்.

பூங்கா நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்: கூட்டமில்லாத ஒரு வார நாளில், திறப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் இருக்கும் சில குடும்பங்களைக் கட்டணமின்றி உள்ளே அழையுங்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் சிலரையும் கூப்பிடுங்கள். எது எங்கே வலிக்கிறது என்று தெளிவாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு அவர்களோடு நடங்கள். அவர்கள் நின்ற இடத்தையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கும் ஒரு சொல். அடுத்தமுறை டிக்கெட் எடுக்கும் முன் பூங்காவுக்குத் தொலைபேசியில் பேசி, அமைதியான இடம் இருக்கிறதா, சாப்பாட்டு டப்பாவை விடுவீர்களா, யூடிஐடி அட்டைக்கு வரிசையில் என்ன ஏற்பாடு என்று இந்த மூன்றையும் கேளுங்கள். தெரியாது என்று சொன்னாலும் விடாமல், விவரம் தெரிந்தவரின் எண்ணைக் கேட்டு வாங்கி அவரிடமும் கேளுங்கள்.